கோபாலை லினக்ஸ்ல ஓட்டிப் பார்ப்போமா?

பிளேஸ்மென்ட் சீசன் முடிஞ்ச கையோட நம்ம காலேஜ்ல ஒரு புது சோகம் ஆரம்பிக்கும். ஆஃபர் லெட்டர் வந்தாச்சு, ஸ்டேட்டஸ் போட்டாச்சு, வீட்ல கேசரி கிண்டியாச்சு. ரெண்டு மாசம் கழிச்சு ட்ரெயினிங் மெயில் வரும்: உங்களுக்கு ஒதுக்கப்பட்ட ஸ்ட்ரீம் மெயின்ஃப்ரேம், லாங்குவேஜ் கோபால். போன வருஷம் ஒரு சீனியர் அந்த மெயிலைப் படிச்சிட்டு வேலையே போன மாதிரி முகத்தை வச்சுக்கிட்டு கேன்டீன்ல உட்கார்ந்திருந்தார். இந்த வருஷம் அதே மெயில் எனக்கு வந்திருக்கு. உங்கள்ல சில பேருக்கும் வரும். அதனால கடந்த ரெண்டு மாசமா என் பழைய லேப்டாப்ல, லினக்ஸ்ல, நானா கத்துக்கிட்டதை இங்க எழுதுறேன். ஜாவா தெரிஞ்சவங்க, பைத்தான் மட்டும் தெரிஞ்சவங்க, ஒண்ணுமே தெரியாம செமஸ்டர் பாஸ் பண்ணவங்க எல்லாரும் படிக்கலாம்.

முதல்ல பேரு. ‘காமன் பிசினஸ் ஓரியண்டட் லாங்குவேஜ்’ங்கிறதோட சுருக்கம். தமிழ்ல எழுதினா கோபால்னுதான் வருது. எடிட்டோரியல் டீம்ல “யாருப்பா அந்த கோபால், எந்த டிபார்ட்மென்ட்?”னு கேட்டாங்க. மாத்தி எழுதிப் பார்த்தேன், எதுவும் சரியா வரல, கோபாலே இருக்கட்டும். இன்னொண்ணு, நம்ம இதழ்ல எல்லாமே தமிழ் எழுத்துலதான் வரும். அதனால கோடையும் கமாண்டையும் தமிழ் எழுத்துலயே கொடுத்திருக்கேன். நீங்க டெர்மினல்ல அடிக்கும்போது இங்கிலீஷ் எழுத்துல அடிங்க. வாய்விட்டுப் படிச்சாலே ஸ்பெல்லிங் வந்துடும். சி++ கோடை இப்படி எழுத முடியாது, கோபாலை முடியும். ஏன்னா அது வாக்கியம் மாதிரி எழுதணும்னே செஞ்ச மொழி.

அப்படி செஞ்சதுக்குக் காரணம் இருக்கு. 1959ல ஒவ்வொரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கும் ஒரு தனி மொழி. ஒரு மெஷினை மாத்தினா சம்பளக் கணக்கு ப்ரோகிராமை முதல்லேருந்து திரும்ப எழுதணும். அந்த மே மாசம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையோட பென்டகன்ல ஒரு கூட்டம் போட்டு, எல்லா மெஷின்லயும் ஓடுற மாதிரி ஒரு பொது மொழி வேணும்னு முடிவு பண்ணாங்க. கிரேஸ் ஹாப்பர் அதுக்கு முன்னாடியே செஞ்சு வச்சிருந்த ஃப்ளோ-மேட்டிக்தான் பெரும்பாலும் அடிப்படை. 1960 டிசம்பர்ல ஆர்.சி.ஏ. மெஷின்லயும் யூனிவாக் மெஷின்லயும் கிட்டத்தட்ட ஒரே ப்ரோகிராமை ஓட்டிக் காட்டினாங்க. ‘ஒரு தடவை எழுது, எங்கயும் ஓட்டு’னு ஜாவா சொல்றதுக்கு 35 வருஷம் முன்னாடி நடந்தது இது.

பெரிய பேராசிரியர்களுக்கு இந்த மொழி பிடிக்கல. டைக்ஸ்ட்ரா (ஆமா, ஷார்ட்டஸ்ட் பாத் டைக்ஸ்ட்ராதான்) 1975ல ரொம்பக் கடுமையாத் திட்டி எழுதியிருக்கார். ஆனா பேங்க், இன்சூரன்ஸ், அரசாங்க அலுவலகம் எல்லாம் அதுக்குள்ள கோபால்ல இறங்கிடுச்சு. இறங்கினவங்க இன்னும் முழுசா ஏறல. 2020 ஏப்ரல்ல, கொரோனா நேரத்துல, நியூ ஜெர்சி கவர்னர் ஃபில் மர்ஃபி கோபால் தெரிஞ்ச தன்னார்வலர்கள் வேணும்னு பிரஸ் மீட்லயே கேட்டார். வேலை போனவங்க உதவித்தொகைக்கு அப்ளை பண்ற சிஸ்டம் அந்தக் காலத்து மெயின்ஃப்ரேம்ல இருந்தது. நம்ம சென்னைக்கும் இதுல ஒரு பங்கு உண்டு. 1990களோட கடைசியில ஒய்2கே வேலை குவிஞ்சப்போ, தெருவுக்குத் தெரு இருந்த கம்ப்யூட்டர் சென்டர்ல கோபால் கத்துக்கிட்டு ஃப்ளைட் ஏறினவங்க நிறைய பேர். உங்க சொந்தக்காரங்கள்ல ஒரு மாமாவாவது அந்த லிஸ்ட்ல இருப்பார், விசாரிச்சுப் பாருங்க.

சரி, லேப்டாப்பைத் திறங்க.

மெயின்ஃப்ரேம் வாங்க நம்மால முடியாது. ஆனா க்னூ-கோபால்னு ஒரு கம்பைலர் இலவசமா கிடைக்குது. ஜப்பான்ல கெய்சுகே நிஷிடா ‘ஓப்பன்-கோபால்’ங்கிற பேர்ல ஆரம்பிச்சது, பிறகு ரோஜர் வைல் பல வருஷம் வளர்த்தார், 2013ல க்னூ திட்டத்துல சேர்ந்து இப்போ இருக்கிற பேர் வந்துச்சு. 3.2 வெர்ஷன் 2023ல வெளியாச்சு. உபுண்டு, டெபியன் வச்சிருந்தா ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் க்னூகோபால்’, அவ்வளவுதான். மேக்ல ப்ரூ இருக்கு. விண்டோஸ்காரங்க டபிள்யூ.எஸ்.எல். போட்டு அதுக்குள்ள உபுண்டு வச்சுக்கோங்க. கம்பைலரோட கமாண்ட் பேர் கோப்சி. ‘கோப்சி --வெர்ஷன்’ அடிச்சா பதில் வரணும்.

இந்தக் கம்பைலர் செய்ற வேலை எனக்கு ரொம்பப் பிடிச்சது. நீங்க எழுதின கோபாலை முதல்ல சி-யா மாத்தும். அப்புறம் ஜி.சி.சி.-யைக் கூப்பிட்டு அந்த சி-யை மெஷின் கோடா மாத்தும். ‘கோப்சி -சி’ (பெரிய எழுத்து சி) கொடுத்தா அந்த நடுவுல வர்ற சி ஃபைலையே பார்க்கலாம். திறந்து பார்த்துட்டு உடனே மூடிடுவீங்க, அவ்வளவு அசிங்கமா இருக்கும். ஆனா ஒரு தடவை பார்க்கணும். நாம ஃபர்ஸ்ட் இயர்ல சி படிச்சது இங்க உதவுது.

இப்போ ப்ரோகிராம். ‘ஹலோ வேர்ல்டு’ எழுதினா கோபால் ஏன் இருக்குன்னு புரியாது. அது காசுக் கணக்குக்கான மொழி. அதனால பாட்டியோட சீட்டு நோட்டை எடுத்துக்கிட்டேன்.

எங்க பாட்டி வீடு பாடியில, லூகாஸ் பஸ் ஸ்டாப்லேருந்து நடந்து போற தூரம். 1960கள்ல லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா, சுந்தரம் ஃபாஸனர்ஸ்னு ஃபேக்டரிகள் வந்ததுக்கு அப்புறம் நிறைஞ்ச தெருக்கள்ல ஒண்ணு. சம்பள நாள், சீட்டு நாள் ரெண்டும் அந்தத் தெருவுக்கு ஒண்ணுதான். பாட்டி ஒரு காலத்துல ஏலச்சீட்டு பிடிச்சாங்க. இப்போ இல்ல. (1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு பண்ணாம சீட்டு நடத்தக் கூடாது, யாரும் பாட்டியைக் காட்டிக் கொடுக்காதீங்க.) நோட்டு மட்டும் பீரோவுல பத்திரமா இருக்கு.

கணக்கு தெரியாதவங்களுக்கு: 12 பேர், மாசம் ஆளுக்கு 5,000, மொத்தம் 60,000. மாசாமாசம் ஏலம். யார் அதிகமாத் தள்ளி எடுக்கிறாங்களோ சீட்டு அவங்களுக்கு. மூணாவது மாசம் ஒருத்தர் 14,000 தள்ளி எடுத்திருக்கார், அதாவது அவர் கைக்கு 46,000. தள்ளின 14,000ல 5 சதவீதக் கமிஷன், அதாவது 60,000க்கு 3,000, சீட்டு பிடிக்கிறவங்களுக்கு. மீதி 11,000 கழிவு, அதை 12 பேரும் பங்கு போட்டுக்கணும். 11,000ஐ 12ஆல வகுத்தா 916.6666னு போய்க்கிட்டே இருக்கும். பிரச்சினை ஆரம்பிக்கிற இடம் இதுதான். பாட்டி ஆளுக்கு 916 கழிச்சு, 4,084 வாங்கி, ஓரத்துல ‘மீதி 8’னு எழுதியிருக்காங்க.

சரிபார்த்துக்கோங்க: 4,084 இன்டு 12, 49,008. அதுல எடுத்தவருக்கு 46,000, கமிஷன் 3,000 போனா 8. பாட்டி அஞ்சாங்கிளாஸ்.

அதே கணக்கு கோபால்ல:

ஐடென்டிஃபிகேஷன் டிவிஷன்.
ப்ரோகிராம்-ஐடி. சீட்டு.
டேட்டா டிவிஷன்.
ஒர்க்கிங்-ஸ்டோரேஜ் செக்‌ஷன்.
01 தள்ளு பிக் 9(5).
01 கழிவு பிக் 9(5).
01 பங்கு பிக் 9(5).
01 மீதி பிக் 99.
01 கட்டணும் பிக் இசட்,இசட்இசட்9.
ப்ரொசீஜர் டிவிஷன்.
ஆக்செப்ட் தள்ளு.
சப்ட்ராக்ட் 3000 ஃப்ரம் தள்ளு கிவிங் கழிவு.
டிவைட் கழிவு பை 12 கிவிங் பங்கு ரிமைண்டர் மீதி.
சப்ட்ராக்ட் பங்கு ஃப்ரம் 5000 கிவிங் கட்டணும்.
டிஸ்ப்ளே "ஆளுக்கு ரூ. " கட்டணும்.
டிஸ்ப்ளே "மீதி ரூ. " மீதி.
ஸ்டாப் ரன்.

இதை சீட்டு.காப்னு சேவ் பண்ணி, ‘கோப்சி -எக்ஸ் -ஃப்ரீ சீட்டு.காப்’ அடிங்க. அப்புறம் ‘./சீட்டு’. 14000 கொடுத்தா ‘ஆளுக்கு ரூ. 4,084’, ‘மீதி ரூ. 08’ வரும்.

அந்த ரெண்டு ஆப்ஷனையும் விளக்கிடறேன். ‘-எக்ஸ்’ விட்டுட்டா எக்ஸிக்யூட்டபிள் வராது, ஒரு .எஸ்ஓ ஃபைல்தான் வரும். அது மத்த ப்ரோகிராம் கூப்பிடுறதுக்கான மாட்யூல். நான் முதல் நாள் முழுக்க ‘ஃபைல் எங்க போச்சு?’னு தேடினது இதனாலதான். ‘-ஃப்ரீ’ங்கிறது இன்னும் முக்கியம், அதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு.

பழைய கோபால் பஞ்ச் கார்டுல எழுதினது. ஒரு கார்டுக்கு 80 காலம். முதல் 6 காலம் வரிசை எண்ணுக்கு (கார்டுக் கட்டு கீழே விழுந்தா திரும்ப அடுக்கணுமே). 7ஆவது காலம்ல நட்சத்திரம் போட்டா கமென்ட். 8லேருந்து 11 வரை ஏ ஏரியா, அங்கதான் டிவிஷன், செக்‌ஷன், பாராகிராஃப் பேர்கள் தொடங்கணும். 12லேருந்து 72 வரை பி ஏரியா, வாக்கியங்கள். 73லேருந்து 80 வரை கம்பைலர் எட்டிக்கூடப் பார்க்காது. கார்டு போயிடுச்சு, காலம் போகல. ‘-ஃப்ரீ’ கொடுக்கலைன்னா க்னூ-கோபாலும் இந்த முறையிலதான் படிக்கும்.

இதுல ஒரு நாள் மாட்டினேன். நீளமான ஒரு கம்ப்யூட் வாக்கியம், கடைசியில ஒரு பெரிய வேரியபிள் பேர். கம்பைல் பண்ணா நான் எழுதவே எழுதாத ஒரு பேரைச் சொல்லி ‘டிஃபைன் பண்ணல’ங்குது. பார்த்தா, என் வேரியபிள் பேரோட முதல் பாதி. மீதிப் பாதி 73ஆவது காலம்ல விழுந்திருக்கு. எடிட்டர்ல முழு வாக்கியமும் கண்ணு முன்னாடி தெரியுது, கம்பைலருக்குத் தெரியல. ஒன்றரை மணி நேரம் போச்சு. விம் வச்சிருந்தா ‘செட் கலர்காலம்=73’ போட்டு ஒரு கோடு வரைஞ்சுக்கோங்க. வீட்ல பழக ‘-ஃப்ரீ’ போதும், ஆனா கம்பெனியில இருக்கிற பழைய கோடு பெரும்பாலும் அந்த 80 காலம் வடிவத்துலதான் இருக்கும். ரெண்டையும் பழகுங்க.

அடுத்து பிக். ‘பிக்சர்’ங்கிறதோட சுருக்கம். கோபாலோட உயிரே இங்கதான் இருக்குன்னு நான் சொல்வேன். சி-யில இன்ட்னு சொன்னா மெஷினுக்கு வசதியான சைஸ். கோபால்ல நீங்க எத்தனை இலக்கம்னு வரைஞ்சு காட்டணும். 9(5)னா அஞ்சு இலக்கம். எக்ஸ்(20)னா இருபது எழுத்து. 9(5)வி99னா அஞ்சு இலக்கம் ரூபா, ரெண்டு இலக்கம் பைசா. அந்த ‘வி’ இடத்துல புள்ளி இருக்கிறதா நினைச்சுக்கணும், மெமரியில புள்ளி கிடையாது.

வெளியில காட்டுறதுக்குத் தனி பிக்சர். மேல இசட்,இசட்இசட்9னு போட்டோமே, இசட் முன்னாடி வர்ற பூஜ்யத்தை மறைக்கும். கமாவை நீங்க எங்க போடறீங்களோ அங்கதான் வரும். இது பெரிய விஷயமாத் தெரியாது, ஆனா யோசிங்க: பைத்தான்ல சாதாரணமா கமா போடச் சொன்னா 100,000னு மில்லியன் கணக்குல போடும். லட்சக் கமா வேணும்னா தனியா ஏதாவது பண்ணணும். கோபால்ல இசட்,இசட்இசட்,இசட்இசட்9.99னு வரைஞ்சா 1,00,000.00 வந்துடும். 1959ல அமெரிக்காக்காரங்க நம்ம லட்சத்தை நினைச்சு செஞ்சிருக்க மாட்டாங்க. ஆனாலும் வேலை செய்யுது.

அதே பிக் கழுத்தையும் அறுக்கும். 9(5) வேரியபிள்ல 1,00,000ஐ மூவ் பண்ணிப் பாருங்க. 00000 இருக்கும். இடது பக்கம் இடம் பத்தலைன்னா சத்தமில்லாம வெட்டிடும். எக்ஸெப்ஷன் வராது, ப்ரோகிராம் சந்தோஷமா முடியும். ஒய்2கே இதே குடும்பத்துப் பிரச்சினைதான்: வருஷத்துக்கு 99னு ரெண்டு இலக்கம் மட்டும் ஒதுக்கி, 1999க்கு அடுத்தது 00. கணக்கு பண்ற வாக்கியத்துல ‘ஆன் சைஸ் எரர்’னு ஒரு பகுதியைச் சேர்த்தா, இடம் பத்தாதப்போ பழைய மதிப்பை மாத்தாம நீங்க சொன்ன வேலையைச் செய்யும். சேர்க்கிற பழக்கத்தை முதல் நாளே வச்சுக்கோங்க.

என் சீட்டு ப்ரோகிராம்லயே இன்னொரு பொறி இருக்கு. தள்ளு 2000னு கொடுத்துப் பாருங்க. 2000லேருந்து 3000 போனா மைனஸ் 1000. ஆனா கழிவு பிக் 9(5), முன்னாடி ‘எஸ்’ இல்ல. எஸ் இல்லாத வேரியபிளுக்கு மைனஸ் தெரியாது. குறியைத் தூக்கிப் போட்டுட்டு 1000னு வச்சுக்கும். கடன் வரவா மாறிடுச்சு! நல்ல வேளை, கமிஷனுக்குக் குறைவா யாரும் தள்ள மாட்டாங்க. பேங்க் கணக்குல அப்படி நம்ப முடியாது. எஸ்9(5)னு எழுதுங்க.

இனி பைசா. பைத்தான் திறந்து 4.35 * 100 அடிங்க. 434.99999999999994 வரும். அதை இன்ட்டா மாத்தினா 434. ஒரு பைசா காணோம். 4.35ங்கிறதை பைனரி ஃப்ளோட்ல சரியா எழுதவே முடியாது, ஒண்ணுல மூணுல ஒரு பங்கை நம்ம தசமத்துல எழுத முடியாத மாதிரி. கோபால் 9(5)வி99ஐ தசம இலக்கங்களாவே வச்சுக்கிறதால 4.35 எப்பவும் 4.35தான். நியாயமாப் பேசணும்னா பைத்தான்ல டெசிமல் மாட்யூல் இருக்கு, ஜாவால பிக்டெசிமல் இருக்கு. அங்க நீங்க நினைச்சு எடுத்துப் போடணும், கோபால்ல சும்மா எழுதினாலே அதான் நடக்கும்.

ரவுண்டிங் மட்டும் உங்க பொறுப்பு. பங்கை 9(5)வி99ஆ மாத்தி 11,000ஐ 12ஆல வகுத்தா 916.66 வரும், ஏன்னா கோபால் சொல்லாம ரவுண்ட் பண்ணாது, வெட்டிடும். 916.66 இன்டு 12, 10,999.92. எட்டு பைசா மிச்சம். ‘ரவுண்டட்’னு சேர்த்தா 916.67, மொத்தம் 11,000.04. நாலு பைசா சீட்டு பிடிக்கிறவர் கையிலேருந்து போகும். ரெண்டுல எது சரின்னு கம்பைலர் சொல்லாது. 12 பேருக்கு பைசா. ஒரு கோடி அக்கவுன்ட்டுக்கு வட்டி போடும்போது? ப்ராஜெக்ட்ல ஒரு பழைய ‘ரவுண்டட்’ஐ யாராவது “தேவையில்லாம இருக்கே”னு எடுத்துட்டா என்ன ஆகும்னு இப்போ கணக்கு போட்டுக்கோங்க.

கோடு பார்க்கும்போது ‘காம்ப்-3’னு ஒண்ணு அடிக்கடி கண்ணுல படும். பயப்பட வேண்டாம். ஒரு பைட்ல ரெண்டு இலக்கம், கடைசி அரை பைட்ல குறி. எஸ்9(7)வி99க்கு 9 இலக்கம், ஒரு குறி, மொத்தம் 5 பைட். சாதாரணமா வச்சா 9 பைட். ஐ.பி.எம். மெயின்ஃப்ரேம்ல இந்த வடிவத்துலயே கூட்டிக் கழிக்க ஹார்டுவேர் இன்ஸ்ட்ரக்‌ஷன் உண்டு.

இப்போ எனக்கு ரொம்ப நேரம் பிடிச்ச விஷயம். சீட்டுக்காரங்க பேரைத் தமிழ்லயே வச்சுக்கலாம்னு ஆசைப்பட்டு பேர் பிக் எக்ஸ்(20)னு போட்டேன். ‘முருகன்’னு மூவ் பண்ணி டிஸ்ப்ளே பண்ணா ‘முருகன’னு வந்து பக்கத்துல ஒரு கேள்விக்குறி டப்பா. இருபது எழுத்து இடத்துல நாலு எழுத்துப் பேர் கொள்ளாதா? கொள்ளாது. கோபாலுக்கு எக்ஸ்னா ஒரு பைட். யூ.டி.எஃப்-8ல ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். ம, உகரக் குறி, ர, உகரக் குறி, க, ன, புள்ளி: ஏழு குறியீடு, 21 பைட். கடைசிப் புள்ளியோட கடைசி பைட் வெளியே விழுந்துடுச்சு. ‘செல்வி’ 18 பைட், அதனால பிழைச்சுட்டாங்க. நான் எக்ஸ்(60) போட்டு சமாளிச்சேன். ஆனா ரிப்போர்ட்ல காலம் நேரா நிக்காது, ஏன்னா கோபால் பைட் எண்ணி ஸ்பேஸ் போடும், டெர்மினல் எழுத்தை எண்ணும். பழைய பில்லுகள்ல நம்ம பேர் பாதியில வெட்டி நிக்கிறதைப் பார்க்கும்போதெல்லாம் இப்போ எனக்கு யாரோ ஒருத்தரோட பிக் எக்ஸ்தான் ஞாபகம் வருது.

ஃபைலுக்கு வருவோம். யூனிக்ஸுக்கு ஃபைல்னா வரிசையா பைட்டுகள், வரி முடிஞ்சா ஒரு நியூலைன். மெயின்ஃப்ரேமுக்கு ஃபைல்னா ரெக்கார்டுகள், ஒவ்வொண்ணும் இத்தனை பைட்னு அளந்தது. அதனால ஆர்கனைசேஷன் ‘சீக்வென்ஷியல்’னு எழுதி ஃபைலை உருவாக்கி ‘கேட்’ போட்டுப் பார்த்தா எல்லா ரெக்கார்டும் ஒரே வரியில ரயில் பெட்டி மாதிரி ஒட்டிக்கிட்டு வரும். ‘லைன் சீக்வென்ஷியல்’னு மாத்தினா சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். விம், க்ரெப் எல்லாம் வேலை செய்யும். பழகும்போது இதுலேருந்து ஆரம்பிங்க. ஒவ்வொரு ஃபைலுக்கும் ‘ஃபைல் ஸ்டேட்டஸ்’னு ரெண்டு எழுத்து வேரியபிள் ஒண்ணு வச்சுக்கோங்க: 00 சரி, 10 ஃபைல் முடிஞ்சது, 22 அதே கீ ஏற்கெனவே இருக்கு, 23 அப்படி ரெக்கார்டு இல்ல, 35 ஃபைலே இல்ல. இன்டர்வியூவுக்கு உதவுமான்னு தெரியாது, ராத்திரி 2 மணி டீபக்கிங்குக்கு உதவும்.

மெயின்ஃப்ரேம்ல ப்ரோகிராமை நேரா ஓட்ட மாட்டாங்க. ஜே.சி.எல்.னு இன்னொரு மொழியில, ‘இந்த ப்ரோகிராம், இந்தப் பேருக்கு இந்த ஃபைல்’னு எழுதிக் கொடுக்கணும். அதுல ஃபைலை இணைக்கிற வரிக்கு டி.டி.னு பேர். வீட்ல ஜே.சி.எல். இல்லையேன்னு கவலைப்பட்டேன். ஷெல் ஸ்கிரிப்டே போதும்! கோபால் ப்ரோகிராம்ல ஃபைல் பேரை ‘நோட்டு’னு அசைன் பண்ணிட்டு, ஷெல்ல டிடி_நோட்டுங்கிற என்விரான்மென்ட் வேரியபிள்ல உண்மையான பாத்தை எக்ஸ்போர்ட் பண்ணுங்க. க்னூ-கோபால் அதைப் பார்த்து சரியான ஃபைலைத் திறக்கும். ப்ரோகிராமைத் தொடாம ஜனவரி ஃபைல், பிப்ரவரி ஃபைல்னு மாத்திக்கலாம்.

முடியும்போது ‘மூவ் 4 டு ரிட்டர்ன்-கோட்’ போட்டா, ஷெல்ல எக்கோ டாலர் கேள்விக்குறி அடிச்சா 4 வரும். முதல் ஸ்டெப் 0 கொடுத்தாதான் ரெண்டாவது ஸ்டெப் ஓடணும்னு ஒரு இஃப் போட்டுக்கோங்க. மெயின்ஃப்ரேம் பேட்ச் ஜாப் பண்றதும் இதேதான். அதை ராத்திரி தானா ஓட்ட க்ரான் இருக்கு. இன்னும் ஒண்ணு, ஃபைலை ‘கீபோர்ட்’னு அசைன் பண்ணா ஸ்டாண்டர்ட் இன்புட்லேருந்து படிக்கும். அதாவது கோபாலை பைப்ல மாட்டலாம்: கேட்லேருந்து வாங்கி, கணக்கு போட்டு, சார்ட்டுக்குக் கொடுக்கும். பஞ்ச் கார்டு காலத்து மொழி யூனிக்ஸ் பைப்ல தண்ணி மாதிரி ஓடறதைப் பார்த்தப்போ நான் ரூம்ல தனியா சிரிச்சேன்.

சார்ட்னு சொன்னதும் ஒரு எச்சரிக்கை. மெயின்ஃப்ரேம்ல எழுத்துக் குறியீடு ஆஸ்கி கிடையாது, எப்சிடிக். அதுல சின்ன எழுத்து, பெரிய எழுத்து, எண்ணுங்கிற வரிசை. ஆஸ்கியில எண், பெரிய எழுத்து, சின்ன எழுத்து. எண்ணும் எழுத்தும் கலந்த கஸ்டமர் நம்பரை லினக்ஸ்ல சார்ட் பண்ணி சரியா வந்துச்சேன்னு நம்பி அங்க போனா வரிசை தலைகீழா இருக்கும்.

நிஜ மெயின்ஃப்ரேமைத் தொட்டுப் பார்க்கணும்னா ரெண்டு வழி இருக்கு. ஐ.பி.எம்.மோட இசட் எக்ஸ்ப்ளோர் மாணவர்களுக்கு இலவசம், பிரவுசர்லயும் வி.எஸ். கோட்லயும் உண்மையான மெஷினோட இணைஞ்சு பயிற்சி பண்ணலாம். ஓப்பன் மெயின்ஃப்ரேம் ப்ராஜெக்ட்டோட கோபால் கோர்ஸும் இலவசம்தான். இன்னொரு வழி கொஞ்சம் பைத்தியக்காரத்தனமானது, எனக்குப் பிடிச்சது. ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல 1973ல ஐ.பி.எம். 370/155 வந்து இறங்குச்சு, ஒரு ஹாலையே அடைச்ச மெஷின். ஹெர்குலிஸ்னு ஒரு எமுலேட்டர் இருக்கு, லினக்ஸ்ல ஓடும், அந்த 370 வகை மெஷினை அப்படியே நடிச்சுக் காட்டும். அதுல எம்.வி.எஸ். 3.8ங்கிற பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏத்தி, அதோட வர்ற பழைய கோபால் கம்பைலர்ல கம்பைல் பண்ணலாம். என் 4 ஜி.பி. ரேம் லேப்டாப்ல அது மூச்சு வாங்காம ஓடுது. ஆனா அந்தக் கம்பைலருக்கு 1968 காலத்து கோபால்தான் தெரியும், ‘எண்ட்-இஃப்’ கூடக் கிடையாது. எல்லாமே முற்றுப்புள்ளியை நம்பித்தான். ஒரு புள்ளி தப்பா விழுந்தா இஃப் அங்கயே முடிஞ்சு, அடுத்த வரி எல்லாருக்கும் ஓடும்.

“இதெல்லாம் செத்த லாங்குவேஜ்டா”னு கிளாஸ்ல சொல்வாங்க. அம்பத்தூர் எஸ்டேட்ல எந்தப் பட்டறைக்கு வேணா போய்ப் பாருங்க, நம்ம அப்பா வயசுல ஒரு எச்.எம்.டி. லேத் ஓடிக்கிட்டு இருக்கும். பழசுன்னு யாரும் தூக்கிப் போடல. அதை ஓட்டத் தெரிஞ்சவர் லீவு போட்டாதான் முதலாளிக்குக் கவலை. அதுக்காக கோபால் மட்டும் போதும்னும் நான் சொல்லல. மூணு வருஷம் அதுலயே உட்கார்ந்துட்டு வெளியே வர முடியலன்னு புலம்புற சீனியர்களும் இருக்காங்க, அவங்க சொல்றதும் பொய்யில்ல. கூடவே லினக்ஸ், எஸ்.க்யூ.எல்., கிட் மூணையும் விடாதீங்க.

கடைசியா, பாட்டி நோட்டு. மொத்த நோட்டையும் டெக்ஸ்ட் ஃபைலா அடிச்சு ப்ரோகிராம்ல ஓட்டினேன். முதல் மாசம் ஏலம் கிடையாது. ரெண்டாவது மாசம் 15,000 தள்ளு, பங்கு 1,000, சரி. மூணாவது மாசம் 916, மீதி 8, சரி. நாலாவது மாசம் 13,000 தள்ளு. என் ப்ரோகிராம் 10,000ஐ 12ஆல வகுத்து பங்கு 833, மீதி 4னு சொல்லுச்சு. நோட்டுல 834னு இருக்கு, மீதி இல்ல. பாட்டி ஒரு இடத்துல தப்பு விட்டுட்டாங்கன்னு நோட்டைத் தூக்கிக்கிட்டு பாடிக்குப் போனேன்.

கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒரு நிமிஷம் பார்த்தாங்க. “போன மாசத்து எட்டு ரூபாயை எங்கடா விட்ட?”

10,008ஐ 12ஆல வகுத்தா 834. எல்லார் காசும் எல்லாருக்கும். டிவைட் வாக்கியத்துக்கு முன்னாடி ‘ஆட் மீதி டு கழிவு’னு ஒரு வரி சேர்த்தேன், ஆரம்பத்துல மீதிக்கு ‘வேல்யூ 0’ கொடுத்தேன். உங்க காப்பியிலயும் அந்த ரெண்டு மாத்தத்தைப் பண்ணி, பன்னிரண்டு மாசத்தையும் ஃபைல்லேருந்து படிக்கிற மாதிரி பெர்ஃபார்ம் அன்டில் போட்டு எழுதிப் பாருங்க. எங்கயாவது மாட்டினா எடிட்டோரியல் டீம் வழியா எனக்குச் சொல்லி அனுப்புங்க, ‘-ஃப்ரீ’ போட்டீங்களான்னுதான் முதல்ல கேப்பேன்.